நாற்பத்திரண்டாவது ஆள்

பலாப்பழ லோடின் மேல் படுத்துக்கொண்டு பயணம் போனவர்கள் யாரேனும் இதைப் படித்தால், அவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: லாரி நிறையப் பழம், பழத்தின் மேல் வைக்கோல், வைக்கோலின் மேல் இரண்டு சாக்கு, சாக்கின் மேல் பத்து வயதுப் பையன் ஒருவன், எந்தப் பக்கம் புரண்டாலும் முதுகில் முள் அழுத்தும், அடியில் எங்கோ ஒரு பழம் வெடித்து அதன் வாசனை தூங்கவிடாது, ஆனாலும் வானம் மொத்தமும் பாட்டன் எழுதிவைத்த பூர்வீகச் சொத்து மாதிரி தலைக்கு மேலேயே கூட வரும். வடகாட்டுப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினால் ஆலங்குடி, புதுக்கோட்டை, கீரனூர் என்று ஒவ்வோர் ஊரும் தூங்குகிற அழகைப் பார்த்துக்கொண்டே திருச்சிக்குப் போகலாம். கீரனூரில் டிரைவர் டீ குடிக்க நிறுத்துவார். எனக்கு ஒரு பன்னும் கண்ணாடி கிளாஸில் அப்பா மிச்சம் வைத்த பாதி டீயும் கிடைக்கும். அந்தப் பாதி டீயில் இருந்த ருசி, இன்றைக்கு அதே சாலையில் ஏசி போட்ட கடையில் வாங்கும் முழு டீயில் இல்லை என்றால் என் பேரன், "அது டீயோட கோளாறு இல்ல தாத்தா, உங்க நாக்கோட கோளாறு" என்கிறான். இருக்கலாம்.

நான் சொல்வது 1969, அண்ணா இறந்த வருஷத்துக் கோடை. புதுக்கோட்டை அப்போது தனி மாவட்டம் கிடையாது. 1974 ஜனவரி 14-ஆம் தேதி வரைக்கும் எங்களுக்குக் கலெக்டர் இருந்த ஊரும் திருச்சிதான், எங்கள் பலாப்பழத்துக்கு விலை சொல்லும் ஊரும் திருச்சிதான். ராஜா இருந்த சமஸ்தானம் என்ற பழம்பெருமையை அரைஞாண்கயிற்றில் முடிந்துகொண்டு, 1948-க்குப் பிறகு திருச்சிக்காரர்களிடம் ஒவ்வொரு காரியத்துக்கும் போய் நின்ற தலைமுறை என் அப்பாவுடையது. அவருடைய மடியில் எப்போதும் ஓர் அம்மன் காசு இருக்கும். சமஸ்தானத்தின் சொந்தச் செப்புக் காசு, ஒரு பக்கம் பிரகதாம்பாள். அதைக் கொடுத்தால் கடையில் ஒரு வெற்றிலைகூடக் கிடைக்காது. ஆனாலும் தரகுக்காரரிடம் விலை படியாதபோது அப்பாவின் கை தானாக மடிக்குப் போய் அந்தக் காசைத் தடவிப் பார்த்துவிட்டு வரும். நாங்களும் ஒரு காலத்தில் காசு அடித்த ஊர்தானப்பா என்று சொல்லாமல் சொல்லுகிற மாதிரி.

விடியற்காலை மூன்று மணிக்குக் காந்தி மார்க்கெட் வந்துவிடும். மண்டி திறக்க நேரம் இருக்கும். மார்க்கெட்டின் முன்னால் முதல் உலகப் போரின் நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறதே, அதன் பக்கத்தில் அப்பாவும் லோடுமேன்களும் துண்டை விரித்து உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். அது எதற்காக அங்கே நிற்கிறது என்று அவர்களில் யாருக்கும் தெரியாது, தெரியாததில் குறையும் இல்லை. சாய்ந்து உட்கார வாகாக இருந்தது, மழை பெய்தால் ஒதுங்க ஒரு மூலை இருந்தது. அப்பா மூன்றாம் வகுப்பு. நான் ஆறாம் வகுப்புக்குப் போகப்போகிறவன், இங்கிலீஷ் எழுத்தெல்லாம் தெரிந்தவன். பெற்ற பிள்ளையை நாலு பேர் முன்னால் படிக்கவைத்துப் பார்க்கும் ஆசை எந்தத் தகப்பனுக்குத்தான் இல்லை?

"டேய், அந்தக் கல்லுல என்னா எழுதிருக்குன்னு வாசி."

எழுத்துக்கூட்டி வாசித்தேன். தெருவிளக்கு மஞ்சளாக அழுதுகொண்டிருந்தது. லோடுமேன்கள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள்.

"திருச்சியிலேருந்து முந்நூத்தி ரெண்டு பேரு பெரிய சண்டைக்குப் போனாங்களாம்ப்பா. ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினாலுலேருந்து பத்தொம்பது வரைக்கும்."

"சரி."

"அதுல நாப்பத்தோரு பேரு…"

இங்கேதான் தடுக்கியது. 'கேவ் அப் தெயர் லைவ்ஸ்' என்று இருந்தது. எங்கள் வாத்தியார் 'கிவ் அப்' என்றால் கைவிடுதல் என்று பிரம்பால் அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். சோம்பலைக் கைவிடு, பொய்யைக் கைவிடு. 'லைஃப்' என்றால் வாழ்க்கை. இரண்டையும் கூட்டினால் விடை வந்துவிடுகிறது.

"நாப்பத்தோரு பேரு வாழ்க்கையக் கைவிட்டுட்டாங்கப்பா."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "சாமியாராப் போயிட்டாங்களா?"

"ஆமாப்பா."

"அதான பாத்தேன். சண்டையில அத்தனை சாவப் பாத்தா மனுசனுக்கு வெறுத்துத்தான போகும்" என்றார் ஒரு லோடுமேன். "சாமியாராப் போனவனுக்கும் கல்லு வச்சிருக்கான் பாரு வெள்ளைக்காரன்" என்று இன்னொருவர் வியந்து, என் தலையைத் தடவி, மடியிலிருந்து ஒரு பொரிவிளங்காய் உருண்டை எடுத்துக் கொடுத்தார். தப்பான மொழிபெயர்ப்புக்கு நான் வாங்கிய முதல் சன்மானம். பிற்காலத்தில் சரியாக எழுதிய எதற்கும் அவ்வளவு உடனடியாகக் கைமேல் கூலி கிடைத்ததில்லை.

விஷயம் அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அப்பா பெருமை தாங்காமல் ஊருக்கு வந்து அப்பத்தாவிடம் சொல்லிவிட்டார்.

அப்பத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். இருந்தார் என்றால், இருந்து, ஒருநாள் இல்லாமல் போனார். கண்மாயில் மீன் பிடித்த அன்று நடந்த சண்டை அது. உங்கள் ஊரில் எப்படியோ, எங்கள் பக்கம் கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றி முழங்காலுக்கு வந்ததும் ஊர் சாட்டி, துண்டை வீசி, ஊர்ச்சனம் மொத்தமும் ஊத்தாக் கூடையோடு ஒரே நேரத்தில் இறங்குவோம்; அரைமணி நேரத்தில் தண்ணீர் சேறாகி, சேறு மனிதராகி, யார் யாருக்கு மாமன் மச்சான் என்றே அடையாளம் தெரியாது. அன்றைக்கு அந்த அண்ணன்தான் கை நீள விரால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். குழம்பு கொதித்து இறங்கியது. வீட்டுக்குப் புதுசாக வந்த மாப்பிள்ளை பந்தியில் உட்கார்ந்திருக்க, நடுத்துண்டை அவருக்கு வைத்துவிட்டு, பிடித்தவனுக்கு வாலை வைத்துவிட்டாள் அவருடைய அம்மா. "இந்த வீட்டுல இனிமே கை நனைக்க மாட்டேன்" என்று எழுந்தவர்தான். திருச்சிக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதாகப் பின்னால் தகவல் வந்தது. ஜெர்மன்காரன் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். அப்புறம் தகவலும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

அதிலிருந்து வீட்டில் எப்போது விரால் குழம்பு வைத்தாலும் அப்பத்தா முதலில் நடுத்துண்டு ஒன்றை எடுத்து, ஒரு வட்டிலில் வைத்து, அண்ணன் பெயரைச் சொல்லி, "வந்து தின்னுட்டுப் போடா அண்ணே" என்று அடுப்படி மூலையில் வைத்துவிடுவாள். அண்ணனை 'டா' போட்டது எனக்கு அப்போதே வேடிக்கையாக இருந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் கிழவியாகிவிட்டாள், அவர் பதினெட்டிலேயே நின்றுவிட்டார், வேறெப்படிக் கூப்பிடுவாள்? எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் அந்த நடுத்துண்டு கடைக்குட்டிக்கு. கடைக்குட்டி நான்.

இப்போது என் மொழிபெயர்ப்பு வருகிறது. "சாமியாராவா போயிட்டாங்க? கல்லுலயே எழுதிருக்கா?" என்று அப்பத்தா மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் சத்தியம் செய்தேன். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "அப்ப காசியில இருப்பான். அவனுக்குச் சின்னப்புள்ளையிலயே கோவம் வந்தா காசிக்குப் போறேன்னுதான் சொல்லுவான். இருந்தா எழுவது தாண்டிருக்குமே" என்று விரல் விட்டு எண்ணினாள். அடுத்த மாதம் விரால் வந்தது. வட்டில் மூலைக்குப் போனது. எட்டிப் பார்த்தால் வாழைக்காய்ப் பொரியல்! சாமியாருக்கு மீன் வைக்கலாமா? நடுத்துண்டு பெரியப்பா மகனுக்குப் போயிற்று. இரண்டு வருஷம் இந்த அநியாயம் நடந்தது. பிறகு அப்பத்தாவே ஒருநாள், "காசிக்குப் போனா என்ன, கைலாசத்துக்குப் போனா என்ன, விரால விடுறவனா எங்கண்ணன்" என்று பழைய வழக்கத்துக்குத் திரும்பினாள். அதற்குள் எனக்கு அந்த இங்கிலீஷ் வரியின் உண்மையான அர்த்தம் தெரிந்துவிட்டிருந்தது. அவர்கள் கைவிட்டது உயிரை. தமிழில் 'உயிரை விட்டார்கள்' என்று நாம் சொல்வதை அப்படியே வெள்ளைக்காரன் சொல்லியிருந்தான். யாரிடமும் சொல்லவில்லை. அப்பத்தாவிடம் எப்படிச் சொல்வது? அப்பாவிடமும் அவர் சாகும்வரை சொல்லவில்லை.

அந்தக் கல் என்னைப் பள்ளிக்கூடத்திலும் விடவில்லை. சரித்திரப் பரீட்சையில் முதல் உலகப் போர் எப்போது முடிந்தது என்ற கேள்விக்கு 1919 என்று எழுதி, தப்பு என்று சுழித்ததற்கு, "கல்லில் போட்டிருக்கிறது சார்" என்று வாதாடி, உள்ளங்கையில் இரண்டு வாங்கினேன். பீரங்கிச் சத்தம் நின்றது 1918 நவம்பர் 11, பகல் 11 மணிக்கு. வெர்சாய் உடன்படிக்கையில் கையெழுத்தாகி முறைப்படி சமாதானம் ஆனது 1919 ஜூனில். ஆகையால் வாத்தியாரும் சரி, கல்லும் சரி, அடி மட்டும் எனக்கு.

அந்த வயதில் யுத்தம் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் எம்டன். அதுவும் கப்பலாகத் தெரியாது. "உங்கப்பன் பெரிய எம்டன்டா" என்று அப்பத்தா அடிக்கடி சொல்வாள். எம்டன் எங்கள் பங்காளி யாரோ என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு வீசிவிட்டு மறைந்த ஜெர்மானியக் கப்பல், நம்முடைய பேச்சில் கெட்டிக்கார ஆளாகப் பிறவி எடுத்துவிட்டது. குண்டு போட்டவனைத் திட்டாமல் அவன் பெயரைப் பட்டமாகச் சூட்டிக்கொண்ட பெருந்தன்மை உலகத்தில் வேறு எந்த ஜனத்துக்கு இருக்கும்? அதே வருஷம் நவம்பர் 9-இல் எம்டனின் கதையை முடித்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பலின் பெயர் சிட்னி. எங்கள் ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் மகன் பெயரும் சிட்னி. ஆகா, எம்டனை மூழ்கடித்த கப்பலின் பெயரையல்லவா ராஜா பிள்ளைக்கு வைத்திருக்கிறார் என்று வகுப்பில் நான் அளந்த கதை ரொம்ப நாள் செல்லுபடியானது. உண்மை என்னவென்றால் யுத்தம் கொழுந்துவிட்டு எரிந்த 1915-இல் ராஜா ஆஸ்திரேலியாவில் மோலி ஃபிங்க் என்ற பெண்ணைக் காதல் கல்யாணம் செய்துகொண்டார். 1916-இல் பிள்ளை பிறந்தது. வெள்ளைக்காரச் சர்க்கார் அந்த ராணியையும் ஒப்புக்கொள்ளவில்லை, அந்தப் பிள்ளைக்குப் பட்டத்தையும் கொடுக்கவில்லை. ராஜா ஊரை விட்டே போய் 1928-இல் பாரிஸில் கண்ணை மூடினார். எங்கள் சமஸ்தானத்திலிருந்து ஒருவர் காதலுக்காகக் கடல் கடந்தார், ஒருவர் விரால் துண்டுக்காக. இருவருமே திரும்பி வந்து மண்ணில் சேரவில்லை. ராஜாவுக்குச் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் உண்டு.

மன்னர் கல்லூரியில் சேர்ந்த பிறகு எனக்குத் தாடி வந்தது, தாடியோடு அரசியலும் வந்தது. எழுபதுகளின் பின்பாதியில் அது இல்லாத தாடி ஏது? பேச்சுப் போட்டி ஒன்றில், ஏகாதிபத்தியத்தின் கூலிப்படையாகப் போய் யாரோ துருக்கியனையும் ஜெர்மானியனையும் சுட்டவர்களுக்கு நம் ஊரில் கல் எதற்கு, பெயர்த்துக் காவிரியில் போடுங்கள் என்று மேஜையைக் குத்தி முழங்கினேன். பலத்த கைதட்டல். இரண்டாம் பரிசாக ஓர் எவர்சில்வர் டம்ளர். அதை ஊருக்குக் கொண்டுபோய் அப்பத்தாவிடம் காட்டினேன். "என்னா பேசுனப்பு?" என்றாள். "சும்மா, நாட்டப் பத்தி" என்றேன். அந்த டம்ளரில்தான் கடைசிக்காலத்தில் அவள் நீராகாரம் குடித்தாள்.

அந்தப் போட்டியின்போது கூட்டத்தில் இருந்த ஒரு பேராசிரியர் பிறகு தனியாகக் கூப்பிட்டு, என் முழக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், ஒரேயொரு கேள்வி கேட்டார்: "அந்தக் கல்லு திருச்சிக் கணக்குத்தான? நம்ம சமஸ்தானத்து ஆளு போயிருந்தா அதுல எப்படிப்பா வருவான்?" எனக்குச் சுருக்கென்றது. பத்து வயதிலிருந்து நான் அந்த 41-இல் கடைசி ஆளாக அப்பத்தாவின் அண்ணனைத்தான் வைத்திருந்தேன். லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் நாற்பது, நாற்பத்தொன்று என்று எண்ணி, அந்த நாற்பத்தொன்றில் ஒரு நிமிஷம் நிற்பேன். இப்போது பார்த்தால் அவர் கணக்கிலேயே இல்லை போலிருக்கிறது. திருச்சிக்காரன் சமஸ்தானத்தான் என்று ஒதுக்கியிருப்பான். சமஸ்தானத்தில் ராஜாவே ஊரில் இல்லை. அன்றிலிருந்து அவர் நாற்பத்திரண்டாவது ஆள்.

கூலிப்படை என்று நான் முழங்கியதும் அரைகுறைப் படிப்புத்தான் என்று வேலைக்குப் போய்ச் சொந்தக் காசில் புத்தகம் வாங்கத் தொடங்கிய பிறகு தெரிந்தது. இந்தியாவிலிருந்து 13 லட்சம் பேர் அந்தப் போருக்கு அனுப்பப்பட்டு, 74,000-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அதில் சிப்பாய் மட்டுமா, பாலம் கட்டியவன், சாலை போட்டவன், கோவேறு கழுதை ஓட்டியவன், சமைத்தவன், தண்ணீர் சுமந்தவன் எல்லாரும் உண்டு. பாளையங்கோட்டைப் பெயரைத் தாங்கிய 63-ஆம் காலாட்படையை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா என்ற ஊரில் கொண்டுபோய் இறக்கினார்கள். வாரக்கணக்கில் கப்பலில் குமட்டிக் கிடந்தவர்களைத் தரையில் இறக்கிய கையோடு சண்டைக்கு அனுப்பினால், எதிரே ஜெர்மானியத் துப்பாக்கிகள், போதாக்குறைக்கு வேட்டுச் சத்தத்தில் கலைந்த தேனீக்கள் படைபடையாக வந்து கொட்டின. இங்கிலீஷ் பத்திரிகைகள் அந்தத் தேனீக்களையும் ஜெர்மானியன் பழக்கி ஏவினான் என்று கதைகட்டின. தோற்றுக் கப்பலேறினார்கள். படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது. எங்கள் தோப்பில் கூடு கலைந்தாலே வேட்டி அவிழ ஓடுகிற ஜாதி நாங்கள்.

இந்தியப் படைகள் மிக அதிகமாகப் போனது மெசபட்டோமியாவுக்கு. இன்றைய ஈராக். பஸ்ராவில் 1929-இல் பெரிய நினைவுச் சின்னம் ஒன்றைத் திறந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய் ஒவ்வொருவனுக்கும் அதில் பெயர் உண்டு, இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு மட்டும் இன்ன படை, இத்தனை பேர் என்று எண். பிரான்சில் நவ் ஷபேலில் 1927-இல் எழுப்பியதில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயரைப் பொறித்தவர்களுக்கு, பஸ்ராவில் கல் பற்றாமல் போயிருக்காது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல் இதையெல்லாம் விசாரித்து, பாகுபாடு நடந்தது உண்மைதான் என்று மன்னிப்புக் கேட்டது. நூறு வருஷம் பொறுத்து வந்தாலும் மன்னிப்பு மன்னிப்புத்தான்.

என் தம்பி மகன் இப்போது பஸ்ராவில் இருக்கிறான். எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் ஃபிட்டர். கோபித்துக்கொண்டு போகவில்லை, ஏஜெண்டுக்குப் பணம் கட்டிப் போனான். அந்தக் காலத்தில் லாரியில் போகும்போது புதுக்கோட்டை ரோட்டில் இருட்டோடு இருட்டாகக் கடந்துபோகும் திருச்சி விமான நிலையம், இப்போது கோபுரமும் கோலமும் வரைந்த புது முனையத்தோடு கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கிறது. அதன் வாசலில் எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் விடிய விடிய உட்கார்ந்து, ஊறுகாய்ப் பொட்டலத்தின் எடை கூடிவிட்டதா என்று கவலைப்படுகிறார்கள். அந்தப் பையனிடம் வாட்ஸப்பில், "அங்கே நாசிரியா போகும் ரோட்டில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது, முடிந்தால் பார்த்துவிட்டு எழுது" என்று அரைப்பக்கம் சரித்திரம் அனுப்பினேன். ஒரு கட்டைவிரலும் பிரியாணிப் படமும் பதிலாக வந்தன. பிறகு ஒரு குரல் செய்தி: "பெரியப்பா, வெயிலு அம்பது டிகிரி. கம்பெனி பஸ்ஸ விட்டு எறங்க விடமாட்டான்." நியாயம். போனவனெல்லாம் பத்திரமாகத் திரும்பி வருவதுதான் நமக்கு வேண்டியது.

எங்கள் மாவட்டத்தில் பொற்பனைக்கோட்டை என்று ஓர் இடம். அங்கே தமிழ் பிராமி எழுத்து வெட்டிய நடுகல் ஒன்று கிடைத்தது. மாடு கவர்ந்த சண்டையில் செத்துப்போன கணங்குமரன் என்று ஒருவன் பெயரை அதில் படித்திருக்கிறார்கள். நாலு மாட்டுக்காகச் செத்தவனுக்கு ஆயிரத்து எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஊரார் பெயர் வெட்டி வைத்தார்கள். உலகத்தையே புரட்டிய போரில் செத்தவனுக்குத் தொகை மட்டும் போட்டார்கள். இன்றைக்கோ எங்கள் ஊர் முக்குக்கு வந்து பாருங்கள், காதுகுத்துக்கு முப்பதடி ஃப்ளெக்ஸ். தாய்மாமன் படம், மச்சான்கள் படம், கைக்குழந்தை கூலிங் கிளாஸ் போட்ட படம், அடியில் வாழ்த்தும் நெஞ்சங்கள் என்று எழுபது பேர் பெயர். என் பெயரும் ஒன்றில் வந்தது. எழுத்துப்பிழையோடு. அதை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயர் போடாத வெள்ளைக்காரனை இப்படி ஐம்பது வருஷமாகப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தேனே, கஜா புயல் அடித்த 2018-இல்தான் என் வண்டவாளம் தெரிந்தது. நவம்பர் 16 அதிகாலை. காலையில் போய்ப் பார்த்தால் அப்பா வைத்த பலா, தாத்தா வைத்த பலா எல்லாம் வேரோடு மல்லாந்து கிடக்கின்றன. நான் லோடின் மேல் படுத்துக்கொண்டு போன பழங்களைக் காய்த்த மரங்கள். விழுந்த மரங்களை எண்ணி விண்ணப்பத்தில் எழுதச் சொன்னார்கள். எண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு பெயர் இருந்தது. கிணற்றடியான், தேன்சுளை, நொண்டிப்பலா, அத்தை மரம். படிவத்தில் அதற்கு இடம் இல்லை, தொகை மட்டும் எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே நாற்பத்திரண்டாவது ஆளின் ஞாபகம் வந்தது. அவர் பெயர் என்ன?

வரவில்லை. 'வ'வில் ஆரம்பிக்கும். வேலுவா, வீரப்பனா, வைரவனா? ஒவ்வொரு விராலுக்கும் ஒரு தடவை வீதம் அப்பத்தா என் காதுபடச் சொன்ன பெயர். வட்டில் மேலேயே கண்ணாக இருந்தவனுக்குப் பெயர் எங்கே காதில் ஏறும்? பெரியப்பா மகனைக் கேட்டேன். அவன் அப்படி ஒரு தாத்தா இருந்ததையே மறந்திருந்தான், வாழைக்காய் வைத்த இரண்டு வருஷத்து நடுத்துண்டு மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றான். கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

போன நவம்பர் 11-ஆம் தேதி திருச்சியில் ஒரு வேலையாக இருந்தேன். அன்றைக்குத் தேதியைப் பார்த்ததும் ஓர் ஆசை. பதினொரு மணிக்குக் காந்தி மார்க்கெட் போய்க் கல்லின் முன்னால் இரண்டு நிமிஷம் மௌனமாக நிற்பது. உலகத்தில் நாகரிகமான ஊர்களிலெல்லாம் நிற்கிறார்கள் அல்லவா? கள்ளிக்குடியில் கோடிக்கணக்கில் செலவு செய்து 2017-இல் புது மார்க்கெட் கட்டிக் கொடுத்தும் வியாபாரிகள் போகமாட்டேன் என்று அடம்பிடித்து இங்கேயே இருந்துவிட்டதால், வெங்காய மூட்டை, வாழைத்தார், தள்ளுவண்டி, ஆட்டோ, ஹாரன் எல்லாம் நான் பார்த்தபடியே, மூன்று மடங்காக இருந்தன. செல்போனில் நேரம் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்து, கழற்றாமல், கண்ணை மூடி நின்றேன். முதல் இருபது விநாடியில் ஒருவர், "பெருசு, வண்டி வருது, ஓரமா நில்லுங்க" என்றார். நின்றேன். நாற்பதாவது விநாடியில் ஒரு பெண், "என்னங்க, மயக்கமா வருதா? உக்காருங்க, சோடா வாங்கியாரச் சொல்றேன்" என்று தோளைத் தொட்டாள். தலையை ஆட்டினேன். ஒரு நிமிஷம் பத்து விநாடியில் போன் அடித்தது. மருமகள். "மாமா, மார்க்கெட் பக்கம்தான இருக்கீங்க? சின்ன வெங்காயம் ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்துருங்க." வாங்கினேன்.

திரும்பும் வழியில் கீரனூர் தாண்டி ரோட்டோரம் ஒருவர் டப்பாவில் தண்ணீர் விட்டு உயிர் விரால் வைத்திருந்தார். விலையைக் கேட்டுவிட்டு இரண்டடி நடந்து, திரும்பிப் போய் வாங்கினேன். மருமகள் குழம்பு வைத்தாள். எங்கள் வீட்டில் விரால் நுழைந்து எத்தனையோ வருஷம். வழக்கமாக வருவதெல்லாம் ஆந்திராவிலிருந்து ஐஸில் வரும் மீன், தலையும் வாலும் போய்த் துண்டுகளாகவே வருவதால் எல்லாருக்கும் நடுத்துண்டு, சண்டைக்கு வழியே இல்லை. நான் ஒரு துண்டை எடுத்துச் சின்னத் தட்டில் வைத்து அடுப்படி மேடையின் மூலையில் வைத்தேன். பெயரைச் சொல்ல வாயைத் திறந்து, 'வ' என்று தொடங்கி, அங்கேயே நின்றேன்.

"யாருக்கு தாத்தா அது?" என்றான் பேரன்.

"எங்க அப்பத்தாவோட அண்ணனுக்கு."

"பேரு?"

"நீ சாப்பிடு."

எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, வழக்கப்படி, தட்டைக் கடைக்குட்டியிடம் நீட்டினேன். அவன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "முள்ளு இருக்கும், வேணாம்" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டான். குழம்பு ஆறிப்போயிருந்தது. அடுப்படி விளக்கைப் போட்டுக்கொண்டு, முள் பார்த்து முள் பார்த்து, நானே தின்றேன்.